அழகுக்கு வைத்த பைன் மரம்: கீழ்க்கிளை காய்கிறது, உச்சியை வெட்டலாமா?

கேள்வி: தோட்டத்தில் அழகுக்காகப் பைன் கன்று ஒன்று வைத்தேன். மூன்று வருடத்தில் ஆள் உயரம் வந்துவிட்டது. கிளைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டு மாதமாக அடிக்கிளைகள் பழுப்பாகிக் காய்கின்றன. தினமும் தண்ணீர் விடுகிறேன். இனி உயராமல் இருக்க உச்சியை வெட்டிவிடலாமா?

பதில்: உச்சியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அது பைன்தானா என்று பாருங்கள். நிஜமான பைனில் ஊசி இலைகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகச் சேர்ந்து சின்னக் கட்டுகளாக இருக்கும். இலைகள் குட்டையாக, உள்பக்கம் வளைந்து, சிறுகிளையைச் சுற்றித் திரித்த கயிறுபோல நெருங்கியிருந்தால் அது அரகேரியா என்கிற வேறொரு மரம். வண்டிச் சக்கரத்து ஆரக்கால்போல ஒரே மட்டத்தில் கிளை விடுவதும் அதன் வழக்கம். கிறிஸ்துமஸ் மரம், பைன் என்றெல்லாம் சொல்லி விற்பது பல நேரம் இதைத்தான். நீங்கள் சொல்லும் அடுக்கைப் பார்த்தால் உங்களுடையதும் அதுவாகவே தெரிகிறது.

அடியில் ஓரடுக்கு மட்டும் மெதுவாகக் காய்ந்தால் அது வயதும் நிழலும் செய்கிற வேலை, விட்டுவிடலாம். இரண்டே மாதத்தில் பல கிளைகள் போவதென்றால் எனக்கு அந்தத் தினசரித் தண்ணீர் மேல்தான் சந்தேகம். மரத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். கொழகொழவென்று ஒட்டினால் வேருக்குக் காற்று போகவில்லை. வேர் கறுத்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தால் அழுகல் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரை உடனே நிறுத்துங்கள். விரலை விட்டால் இரண்டு கணு வரை மண் உலர்ந்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் அடுத்த தண்ணீர். தண்டைச் சுற்றி மண் அணைத்திருந்தால் விலக்கிவிட்டு, தேங்கும் நீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். வாடுகிறதே என்று யூரியா போடுகிறவர்கள் உண்டு. நோஞ்சான் வேருக்கு அது இன்னும் கேடு. காய்ந்த கிளையை எடுத்துவிடலாம், ஆனால் அந்த இடத்தில் புதுக்கிளை வராது.

சரி, உச்சிக்கு வருவோம். அரகேரியாவுக்கு நடுக்குருத்து ஒன்றுதான். அதை வெட்டினால் சில காலம் அப்படியே நிற்கும், அப்புறம் இரண்டு மூன்று குருத்து கோணலாகக் கிளம்பும். கோபுரம் போன்ற வடிவம் அதோடு போயிற்று. அழகுக்கு வளர்க்கும் அரகேரியாவில் ஒரு வகைக்குப் பசிபிக் கடலில் இருக்கும் நார்ஃபோக் தீவுதான் தாயகம். அங்கே 150 அடிக்கு மேலும் வளர்கிறது. அதனால் மேலே மின்கம்பி போனாலோ சுவர் பத்தடிக்குள் இருந்தாலோ தவறு இடத்தில்தான், மரத்தில் இல்லை. உயரம் வேண்டாம் என்றால் புதிதாக ஒரு கன்றைத் தொட்டியில் வையுங்கள். வேர் அடங்கியிருப்பதால் வளர்ச்சி மட்டுப்படும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்புங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் வரும் பக்கம் சாய்ந்துவிடும்.

அந்தக் கன்றுக்காக இந்த மரத்தின் பக்கக் கிளையை ஒடித்து ஊன்றிவிடாதீர்கள். வேர் பிடித்தாலும் நிமிராது, கிளை மாதிரியே படுத்துக்கொண்டுதான் வளரும். விதையில் வந்த கன்றாகக் கேட்டு வாங்குங்கள்.