உடம்பில் வைத்த பிளேட், பேஸ்மேக்கர் எல்லாம் தகனத்தில் என்ன ஆகும்?

இம்ப்ளாண்ட் என்றால் ஆபரேஷனில் உடம்புக்குள் வைக்கும் பொருள்: பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு, இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர். எரிவாயு தகன மேடையில் சூடு பொதுவாக 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ். டைட்டானியம் உருக 1668 டிகிரி வேண்டும். ஸ்டீலுக்கும் 1400 பக்கம். விறகடுப்பில் விறகுதான் சாம்பலாகும், இரும்புச் சட்டி கறுத்துப்போய் அப்படியே இருக்கும், அதுபோலத்தான். கன்னியாகுமரிக் கடலில் கரைக்க அஸ்தி எடுக்கும்போது, ஆறிய பிறகு ஸ்க்ரூவைப் பொறுக்கி ஒதுக்கிவிடுங்கள்.

பேஸ்மேக்கர் விஷயம் வேறு. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சூட்டில் வெடிக்கும். உலைச் செங்கல் பெயரும், ஊழியருக்கும் காயம் படலாம். ஆகவே ஆஸ்பத்திரியிலேயே சொல்லி, காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி எடுத்துவிட வேண்டும். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் வகை என்றால் முதலில் அதை அணைத்துவிட்டுத்தான் வயரை வெட்டணும், இல்லையென்றால் வெட்டுபவருக்கே ஷாக்.

மூட்டில் வைத்த கம்பியும் வெடிக்கும் என்று சிலர் பயப்படுவது தவறு. வெடிப்பது பெரும்பாலும் பேட்டரி உள்ள கருவிதான்.