வேர்வை மேல பவுடர் போடாதீங்க: வாசனைப் பவுடர் பற்றிய கேள்வி பதில்

கோபிச்செட்டிபாளையத்தில் 22 வருஷமாக மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். பங்குனி பிறந்தால் போதும், தலைவலி மாத்திரைக்கு அடுத்தபடியாகப் பவுடர் டப்பாவைக் காட்டித்தான் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

திருப்பூர், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர்: ஏனுங்க்கா, தினமும் குளிச்சதும் முதுகு முழுக்கக் கொட்டிட்டுத்தான் போறேன். பத்து மணிக்கெல்லாம் களிமண்ணாட்டத் திரண்டுக்குது, வாசமும் போயிருது. நல்ல பவுடர் எதுங்க?

கோளாறு பவுடரில் இல்லை கண்ணு, ஈரத்தில் இருக்கிறது. பவுடரில் இருக்கும் டால்க் என்பது மாக்கல்லை அரைத்த மாவு. கனிமங்களிலேயே மிக மென்மையானது அதுதான். தோலில் வழுவழுப்பாகப் படிந்து உரசலைக் குறைக்கும், ஆனால் தண்ணீரைப் பெரிதாக உறிஞ்சாது. உறிஞ்சுகிற வேலையைச் செய்வது சோள மாவு, கிழங்கு மாவு போன்ற ஸ்டார்ச். டப்பாவின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், எது முதலில் எழுதியிருக்கிறதோ அதுதான் அதிகம்.

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அப்புறம் உள்ளங்கையில் கொஞ்சமாகக் கொட்டி, இரண்டு கையிலும் பரப்பி, முதுகிலும் கழுத்திலும் தடவுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது அதிகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி போடுவதானால், முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். பழைய பவுடர், வேர்வை, பஞ்சுத்தூசி எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு அடுக்கு போட்டால் அரிப்புதான் மிஞ்சும்.

சோமனூர், தறி ஓட்டுபவர்: எவ்வளவு பவுடர் போட்டாலும் அக்குள் நாற்றம் போகலைங்க.

அண்ணா, வேர்வைக்கு அவ்வளவு நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. வாசனைப் பவுடர் அதை மூடுமே தவிர நிறுத்தாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முகச்சவரத்துக்கு வைத்திருக்கும் படிகாரக் கல்லை நனைத்து அக்குளில் லேசாகத் தேய்த்துக் காயவிடுங்கள். பாக்டீரியாவை அது நன்றாகவே அடக்கும். சவரம் செய்த உடனே வேண்டாம், எரியும்.

பெருந்துறை, இளம் தாய்: பாப்பாவுக்கு மூணு மாசம். பவுடர் போட்டால்தான் குளிச்ச மாதிரி இருக்குன்னு அத்தை சொல்றாங்க.

அம்மணி, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேண்டாம். தட்டும்போது பறக்கிற தூசி குழந்தையின் மூச்சுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். டப்பாவைக் குழந்தை கையில் விளையாடக் கொடுப்பது அதைவிட மோசம். பாப்பாவுக்கு அந்தப் பால் வாசமே போதும் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டயப்பர் இடத்தில் சிவந்தால் பவுடர் போடாமல் ஜிங்க் ஆக்சைடு கலந்த களிம்பு தடவுங்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவி: டால்க் போட்டால் கேன்சர் வரும்னு சொல்றாங்களே, நிஜமா?

பூமிக்கடியில் டால்க் கிடைக்கும் இடத்திலேயே சில சமயம் புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற நார்க் கனிமமும் கலந்து கிடக்கும். பயத்தின் வேர் அங்கேதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் டால்க்கை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு அதிகம்' என்ற பிரிவில் வைத்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023இல் உலகம் முழுக்க டால்க் பேபி பவுடரை நிறுத்திவிட்டு சோள மாவுக்கு மாறியது. கழுத்தில் கொஞ்சம் போட்டதற்காக ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம். ஆனால் பிறப்புறுப்புப் பக்கமும் நாப்கின் மேலும் எந்தப் பவுடரும் கூடாது. கருப்பை வாய் வழியாக உள்ளே போகலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. மனசு ஒப்பவில்லை என்றால் டால்க் இல்லாத பவுடர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆத்தூர்: டால்க் இல்லாத பவுடரை வீட்டிலேயே செய்யலாமுங்களா?

தாராளமாக. உங்கள் ஊர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன, குச்சிக்கிழங்கு மாவுக்குப் பஞ்சமில்லை. ஒரு டம்ளர் மாவுக்கு, வெட்டிவேரைக் காயவைத்து அரைத்த பொடி ஒரு ஸ்பூன் சேர்த்து, மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலியுங்கள். வேரின் நார் தங்கினால் தோலைக் குத்தும். மஞ்சள் வாசம் பிடிக்கும் என்றால் கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை போதும். சமையல் மஞ்சள் சட்டைக் காலரில் கறை போடும். ஸ்டார்ச் ஈரம் பட்டால் கட்டிபட்டுப் பூசணம் பிடிக்கும், அதனால் இரண்டு வாரத்துக்கு மட்டும் செய்யுங்கள்.

தாராபுரம்: தொடை இடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு. குளுகுளு பவுடர் போட்டால் கொஞ்ச நேரம் அடங்குது.

அது படர்தாமரையாக இருக்கலாம். குளுமை என்பது மெந்தால் நரம்புக்குக் காட்டும் உணர்வு, பூஞ்சை அப்படியேதான் இருக்கும். கடையில் கேட்டு வாங்கும் பலமருந்துக் கலவைக் களிம்பும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் அடங்கிவிட்டு அப்புறம் இரண்டு மடங்கு பரவும். என் கண் முன்னால் அப்படிப் பரவித் தவித்தவர்கள் நிறைய பேர். தோல் மருத்துவரைப் பாருங்கள், சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி: முகூர்த்தத்துக்குப் பட்டுச்சேலை. பவுடர் எப்போ போடறதுங்க?

சேலை கட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்னால், வெறும் தோலில். ஜாக்கெட் போட்ட பிறகு கழுத்து வழியாக உள்ளே தட்டினால் பட்டில் வெள்ளைத் திட்டு விழும், ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். விழுந்துவிட்டால் தொடாமல் காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.