எலும்பின்மேல் இழுத்துக் கட்டிய தோல்

அன்புள்ள ஐயா,

எண்ணூர்க் கடற்கரையில் ஒரு டைனோசர் பூங்கா இருப்பதாகக் கற்பனை செய்து, அதன் விலங்குகளை வரைந்து வருகிறேன். சில படங்களை இணைத்திருக்கிறேன். இவற்றுக்கு என்ன நிறம் தீட்டுவது? பறக்கும் ஊர்வனவற்றையும் டைனோசர் என்று எழுதலாமா?

ர., வியாசர்பாடி

அன்புள்ள ர.,

பறக்கும் ஊர்வன டைனோசர்கள் அல்ல. நிறத்துக்குச் சில இனங்களில்தான் சான்று உண்டு. சீனாவில் கிடைத்த சிறு டைனோசரான சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததை 2010-இல் அறிவித்தார்கள். மற்றவற்றுக்கு உங்கள் ரசனை போதும்.

சில காலமாகவே என்னை உறுத்தும் ஒன்றை உங்கள் படங்கள் கிளறிவிட்டன. உங்கள் கை அருமையாக ஓடுகிறது, ஆனால் நீங்கள் வரைந்த விலங்குகள் அத்தனையும் பட்டினி கிடக்கின்றன. மண்டையோட்டின் ஒவ்வொரு குழியும் தோலின்மேல் தெரிகிறது, விலா எலும்புகளை எண்ணிவிடலாம். சிறுவயதில் ராயபுரத்துக் கறிக்கடையில் கோழி உரிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இறகு போனதுமே பாதிக் கோழி காணாமல் போய்விடும். மீந்த எலும்பை மட்டும் கொடுத்து, கோழியையே பார்த்திராத ஒருவரிடம் வரையச் சொன்னால், நீங்கள் அனுப்பியதைப் போன்ற பிராணியைத்தான் அவர் வரைவார்.

அதிலும் வாலின் அடிப்பகுதியை நீங்கள் இப்படி மெலிய வைத்திருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கிருந்து தொடை எலும்புக்குச் செல்லும் பெருந்தசைதான் காலைப் பின்னோக்கி இழுத்து உடலை முன்னே தள்ளியது. அது இல்லாத உங்கள் டைரனோசாரஸ் பூங்காவின் வாசலைக்கூடத் தாண்டாது. முதலைக்கு அந்தத் தசை இன்றும் இருக்கிறது. மாமல்லபுரம் சாலையிலுள்ள முதலைப் பண்ணைக்குப் போய், பல்லைப் பார்க்காமல் வாலைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் உட்காருங்கள்.

லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவுக்காக பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் செய்த டைனோசர் முதலிய பழங்கால விலங்குச் சிலைகள் 1854 முதல் அங்கே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான, தாவரம் தின்னும் டைனோசர் இகுவானோடானின் மூக்கில் அவர் வைத்த கொம்பு உண்மையில் கட்டைவிரல் முள் என்பது, 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகு தெளிவாயிற்று. அதைச் சொல்லிச் சிரிப்பவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த விலங்குகளுக்குச் சதை இருக்கிறது, தோல் மடிகிறது, பாதம் மண்ணை அழுத்துகிறது. கொம்பைப் பிடுங்கி விரலில் வைத்துவிடலாம். உயிரில்லாத உடலுக்கு எதைப் பிடுங்கி எங்கே வைப்பது?

இன்னொன்று. நர்மதைப் பள்ளத்தாக்கில் கிடைத்து 2003-இல் பெயர் பெற்ற ராஜசாரஸ் என்னும் ஊனுண்ணி டைனோசர் இருக்கும்போது, எண்ணூர் வாசலுக்கு அமெரிக்காவின் டைரனோசாரஸா காவல்காரன்? அதை வரைந்து அனுப்புங்கள். வாலடியிலிருந்து தொடங்குங்கள், நிறம் வேண்டாம், பென்சில் போதும்.