பழைய கதவு, உடைந்த வள்ளம், கழற்றிய சிலாகை: சுவரில் கொளுவ முன்னர் கேட்டவை

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசத் தொடங்கினால் மரம் காயும். கோடிப்புறத்தில் கிடந்த பழைய பலகைகளைச் சுவரில் அழகுக்குக் கொளுவ வெளியே எடுப்பவர்களின் கேள்விகளும் கூடவே வரும். இம்முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மானிப்பாயிலிருந்து: வீடு திருத்தும்போது கழற்றிய யன்னல் கதவு ஒன்று இருக்கிறது. பச்சை பெயின்ற் செதில் செதிலாக உரிகிறது. சாண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டு விறாந்தைச் சுவரில் கொளுவலாமா?

கொளுவலாம். ஆனால் காய்ந்தபடி தேய்க்க வேண்டாம். பழைய எண்ணெய் பெயின்றுகளில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம். அமெரிக்கா 1978இல் வீட்டு பெயின்றில் ஈயத்தைத் தடை செய்தது. நம் இலங்கையில் அதற்குச் சட்டப்படி வரம்பு வந்தது 2010க்குப் பிறகுதான். உங்கள் யன்னல் அதற்கெல்லாம் முந்தியதாக இருக்கலாம். தேய்த்தால் எழும் தூசு மூச்சோடு உள்ளே போகும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும்.

கீழே பொலித்தீன் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, தானாகக் கழன்று வரும் செதிலை மட்டும் சுரண்டியால் எடுங்கள். துணி முகக்கவசம் போதாது, என்95 போடுங்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் நிற்கக் கூடாது. செதிலை எரிக்காமல் பொதியாகக் கட்டி அகற்றுங்கள். சூடுகாட்டி உரிப்பதும் வேண்டாம், ஈயப் புகை எழும்.

செதில் போனதும் நிறுத்திவிடுங்கள். பச்சைக்குக் கீழே நீலம் தெரியும், நீலத்துக்குக் கீழே காவி தெரியும். ஒவ்வொன்றும் அந்த வீட்டில் ஏதோ ஒரு கலியாணத்துக்கோ பொங்கலுக்கோ அடித்தது. அதைச் சுரண்டி எடுத்தால் மிஞ்சுவது வெறும் பலகை. மினுங்காத வார்னிஷ் இரண்டு பூச்சுப் பூசி மூடினால் போதும். பிள்ளைகள் படுக்கும் அறையில் மட்டும் கொளுவாதீர்கள்.

கொக்குவிலிலிருந்து: கூரையிலிருந்து இறக்கிய அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டி, அதில் படம் கீறலாமா?

வேண்டாம். வெட்டினாலும் துளைத்தாலும் உடைத்தாலும் அதன் நார் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். உங்களுக்குக் கீறத்தான் வேண்டும் என்றால் பழைய கூரை ஓடு ஒன்றை எடுங்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்தால் சுட்ட மண் நிறத்தை அழகாகப் பிடிக்கும்.

குருநகரிலிருந்து: உடைந்த வள்ளத்துப் பலகையில் ஒரு சட்டம் செய்தேன். ஒரு மாதத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஆணிகளிலிருந்து துரு வழிகிறது.

பலகைக்குள் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், காயும்போது மேலே பூக்கும், அந்த ஈரமே ஆணியையும் தின்னும். மேலே வார்னிஷ் பூசினால் அதையும் உரித்துவிடும்.

சட்டத்தைக் கழற்றிப் பலகையைத் தண்ணீரில் ஊறவையுங்கள். நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, நான்கைந்து நாள் விடுங்கள். கூடுமானவரை மழைத்தண்ணீர் நல்லது. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய நம் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் அதுவே வெள்ளையாகப் படியும், பிறகு உப்பா சுண்ணாம்பா என்று தெரியாது. ஊறியதை வெயிலில் போட்டால் வெடிக்கும். நிழலில், காற்றுப் படும்படி, இடையில் குச்சி வைத்து அடுக்கி, சில கிழமை பொறுங்கள்.

இரும்பு ஆணியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மெழுகு பூசுங்கள். செம்பு ஆணியில் பச்சை பிடித்திருந்தால் அதைத் தொடாதீர்கள், அது அந்தப் பலகை கடலில் கிடந்த காலத்தின் நிறம். பலகையின் வளைவையும் நேராக்க வேண்டாம். பார்க்கிறவர் வள்ளம் என்று அறிவது அந்த வளைவால்தான்.

சாவகச்சேரியிலிருந்து: பனஞ்சிலாகையில் (கூரைக்குப் போடும் பனைமரச் சட்டம்) அடிக்கும் ஆணியெல்லாம் வளைகிறதே?

பனையின் வெளிப்புறம் கறுத்த நார் நெருங்கி இரும்பு மாதிரி இருக்கும், உள்ளே மெத்தென்ற சோத்தி. முதலில் துளை போட்டு, திருகாணியை வைரமான பக்கத்தில் பிடிக்க விடுங்கள். துளை திருகாணியைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். கையுறை கட்டாயம், பனஞ்சிராய் ஏறினால் எடுப்பது கஷ்டம். கழற்றிய கூரைகளிலேயே சிலாகை தாராளமாகக் கிடைக்கிறது. இதற்காக ஒரு பனையைத் தறிக்காதீர்கள்.

வலிகாமம் வடக்கிலிருந்து: 1990இல் போரால் விட்டுப்போன வீடு. திரும்பி வந்தபோது ஒரு கதவு மட்டும் மிஞ்சியிருந்தது. செல் (எறிகணை) துண்டு பட்ட ஓட்டைகள் உண்டு. அடைத்து, பூசி, புது வீட்டு ஹோலில் வைக்கலாம் என்கிறார் தச்சர். என்ன செய்யலாம்?

இதை நான் பலமுறை வாசித்தேன். என் கதவாக இருந்தால் அடைக்க மாட்டேன். ஆனால் அது உங்கள் வீட்டுக் கதவு. அந்த வீட்டில் வாழ்ந்த பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். தினமும் பார்க்க முடியாது என்று அம்மா சொன்னால், பூசுவதும் சரியான முடிவுதான்.

அடைக்காமல் வைப்பதென்றால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஓட்டைகளின் விளிம்பில் நிற்கும் சிராயை வெள்ளைப் பசை தொட்டு அமர்த்துங்கள். மரத்துக்குள் கூரான உலோகம் இருந்தால் குறட்டால் எடுத்துவிடுங்கள். மா மாதிரித் தூள் கொட்டினால் உளு (மரம் தின்னும் பூச்சி) உயிரோடு இருக்கிறது, அதற்கு மருந்து வைத்துவிட்டே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். கதவைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டுக் கொளுவுங்கள். பின்னேர வெளிச்சம் அந்த ஓட்டைகளுக்குள்ளால் வந்து சுவரில் விழும். பின்பக்கத்தில் பென்சிலால் வீட்டுப் பெயர், ஊர், கழற்றிய ஆண்டு மூன்றையும் எழுதிவிடுங்கள்.

வேறு துண்டுகள் தேடி, கண்ணிவெடி அகற்றித் துப்புரவாக்காத வளவுகளுக்குள் இறங்க வேண்டாம். அறியாத இரும்பு எதையும் தொடக் கூடாது.

இன்னொன்று, கதவு வாங்குகிற எல்லோருக்கும். இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளிலிருந்து நிலை, யன்னல், ஓடு எல்லாம் கழற்றப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மலிவாக வரும் பழைய கதவுக்கு “இது யாருடைய வீட்டது?” என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

நல்லூரிலிருந்து: இருபது கிலோ வரும் கதவுத்துண்டு. எப்படிக் கொளுவுவது?

ஒற்றை ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட வேண்டாம். ஓர் அங்குலத் தடிப்பான பலகையை நீளவாக்கில் 45 பாகைச் சாய்வாகக் கிழிப்பியுங்கள், மரக்காலையில் செய்து தருவார்கள். ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைக் கதவின் பின்னாலும் திருகினால் இரண்டும் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும். சீமெந்துக் கல் சுவரென்றால் துளைத்து பிளக் போடுங்கள். சுண்ணாம்புச் சாந்துப் பழஞ்சுவரென்றால் சாந்தை நம்பாதீர்கள். தட்டிப் பார்த்து, உள்ளே கல் இருக்கும் இடத்தில் துளைத்து, நீளமான திருகாணி நான்கு போடுங்கள். கொளுவியதும் கையால் நன்றாகக் கீழே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் கழற்றி வேறிடம் பாருங்கள்.