எஞ்சின் தண்ணீர் அடிக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

ஃபைபர் படகில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். 8 முதல் 15 குதிரைத்திறன் வரையுள்ள, கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனதில் வைத்தே பதில் சொல்கிறோம். உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 9.9 குதிரைத்திறன் எஞ்சின். காலையில் நன்றாகத் தண்ணீர் அடிக்கிறது. அரை மணி ஓடியதும் நூல் மாதிரி மெலிந்துவிடுகிறது. மூடியில் கை வைக்க முடியாத சூடு. இப்படியே இந்த மாதத்தை ஓட்டிவிடலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். எஞ்சினைக் குளிரவைத்து வெளியே பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தது தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் போகாத டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்ளும். அதன்பிறகு போரிங் செய்வதா, புது பிளாக் வாங்குவதா என்ற பேச்சுதான். தண்ணீரை மேலேற்றும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரின் (இதழ்கள் வைத்த சக்கரம்) விலை அந்தச் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

முதலில் சுலபமானதைப் பாருங்கள். பாலிதீன் பையோ கடற்பாசியோ எஞ்சினின் கால் பகுதியில், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதியில், உள்ள உறிஞ்சுத் துளைகளை மூடியிருக்கிறதா? எஞ்சினை நிறுத்தி, தூக்கி, துடைத்துவிடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, கடற்புல் அதிகம். இந்தத் தொல்லை அங்கே அடிக்கடி வரும். அடுத்தது தண்ணீர் பீய்ச்சும் துளை. மணலோ உப்போ அடைத்திருந்தால் உள்ளே ஓட்டம் சரியாக இருந்தாலும் வெளியே மெலிந்துதான் வரும். தடித்த தங்கூஸ் நரம்பை விட்டுக் குத்தி எடுங்கள். கம்பி வேண்டாம், உள்குழாயைக் கிழித்துவிடும். கரையில் பல நாள் கிடந்த எஞ்சினில் குளவி அந்தத் துளைக்குள் மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு.

இரண்டும் சரி என்றால் இம்பெல்லரைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அடிக்கிறது, ஓட ஓட மெலிகிறது. இறுகிப்போன, வளைந்தே நின்றுவிட்ட இம்பெல்லர் இப்படித்தான் நடந்துகொள்ளும். ரப்பர் இதழ்கள் பம்ப் வீட்டின் (இம்பெல்லரை மூடியிருக்கும் கூடு) உட்சுவரை அழுத்திப் பிடித்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். ஆழமில்லாத இடத்தில் மணலைக் கலக்கி ஓட்டினால் இதழ் நுனி தேயும். தண்ணீரில்லாமல் கரையில் "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடத்திலேயே கருகும்.

மாற்றும் முறை: பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். கியர் ராட் இணைப்பை விடுவியுங்கள். கால் பகுதியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸை நேராகக் கீழே இறக்குங்கள். டிரைவ் ஷாஃப்டின் மேல் பம்ப் வீடு தெரியும். அதைத் தூக்கினால் இம்பெல்லர், அடியில் ஸ்டெயின்லெஸ் தகடு, ஷாஃப்டில் இம்பெல்லரைப் பூட்டிப் பிடிக்கும் ஒரு சின்னச் சாவி (உலோகத் துண்டு). சாவி தொலைந்தால் இம்பெல்லர் சுற்றாது, பத்திரம். பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டு மேலே தண்ணீர்க் குழாயிலோ தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) பக்கமோ போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டும் பயனில்லை. தகட்டிலும் வீட்டின் உட்சுவரிலும் நகம் சிக்குமளவுக்குக் கீறல் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

புதியதில் கொஞ்சம் தண்ணீருக்கேற்ற கிரீஸ் தடவி, ஷாஃப்டை மேலிருந்து பார்க்கும்போது வலப்புறமாகச் சுற்றிக்கொண்டே வீட்டை அழுத்துங்கள், இதழ்கள் சரியான பக்கம் மடியும். ஷாஃப்டின் பல்வரிசைப் பக்கங்களில் மட்டும் கிரீஸ் போடுங்கள், உச்சியில் வேண்டாம். அங்கே கிரீஸ் தேங்கினால் ஷாஃப்ட் முழுதாக உட்காராது. மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் பம்பின் வாயில் சரியாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். "எல்லாம் மாற்றினேன், இன்னும் அடிக்கவில்லை" என்று வருகிறவர்களிடம் பெரும்பாலும் இந்தக் குழாய்தான் விலகியிருக்கும்.

கடலில் ஓடும் எஞ்சினுக்கு வருடத்துக்கு ஒரு முறை, மணல் அதிகமுள்ள இடத்தில் இன்னும் சீக்கிரமே, அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இம்பெல்லரை மாற்றிவிடுங்கள்.

இம்பெல்லர் புதிதாக இருந்தும் சூடு குறையவில்லையென்றால் உள்வழிகளில் உப்பு கட்டியிருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் உப்பில் இறுகியிருக்கும். அதைக் கழற்றித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கை பொறுக்காத சூடு வந்தும் திறக்கவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான். சிலர் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிட்டே ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும், பிளக் கரிபிடிக்கும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

உப்பு கட்டாமலிருக்க ஒரே வழி, கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது. டிரம்மில் கேவிடேஷன் தட்டுக்கு (புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டைத் தகடு) மேல் நாலு விரல் உயரம் தண்ணீர் நிற்க வேண்டும். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில், மெதுவேகத்தில் 10 நிமிடம் ஓட்டுங்கள். நிறுத்திய பிறகு எஞ்சினை நேராகவே நிற்கவிட்டு உள்தண்ணீர் வடிய விடுங்கள், உடனே படுக்கப் போடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களில் மழைநீரையோ குடிநீரையோ ஒரு டிரம் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: புயல் எச்சரிக்கையால் மூன்று வாரம் படகை எடுக்கவில்லை. டேங்கில் எண்ணெய் கலந்த பெட்ரோல் பாதி இருந்தது. எடுத்த அன்று பத்து நிமிடத்தில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. எண்ணெய் சரியாகத்தான் கலந்திருந்தோம்.
– வாசகர், பழவேற்காடு

பதில்: நீங்கள் சரியாகக் கலந்தும் எஞ்சினுக்கு அந்த எண்ணெய் போகாமலிருந்திருக்கலாம். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கடற்கரை ஈரக்காற்றில், பாதி காலியான டேங்கில், மூடியின் காற்றுத் திருகு திறந்தபடி மூன்று வாரம் கிடந்தால் ஈரம் சேர்ந்துகொண்டே போகும். மூடி வழியாக மழைத்தண்ணீரும் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஓரளவுக்கு மேல் போனதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கும். டூ ஸ்ட்ரோக் எண்ணெய் மேலடுக்கிலுள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதோ அடியில். அதாவது எஞ்சின் குடித்தது எண்ணெயே இல்லாத எத்தனால்-தண்ணீர். பேரிங்கும் பிஸ்டனும் உலர்ந்தே ஓடியிருக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. டேங்கின் அடியிலிருந்து கண்ணாடி பாட்டிலில் அரை லிட்டர் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டு அடுக்கு தெரிந்தால் அந்த எரிபொருள் முழுவதும் வீண். குலுக்கிச் சேர்க்கவோ புதிய பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்டவோ முயல வேண்டாம்.

இனிமேல் இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். படகு நிற்கும் நாட்களில் காற்றுத் திருகை மூடுங்கள், ஓட்டும்போது திறங்கள். மூடியபடி ஓட்டினால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பிரைமர் பல்பு (எரிபொருள் குழாயில் கையால் அழுத்தும் ரப்பர் உருண்டை) சப்பி, எஞ்சின் நின்றுபோகும். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போட்டு வாரம் ஒருமுறை வடியுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால், கழுவும்போதே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டரின் அடித்திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும்.

கலவைக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 50:1 என்றால் பெட்ரோல் லிட்டருக்கு எண்ணெய் 20 மில்லி, 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. புது எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் 25:1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. முதலில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு எண்ணெய், நன்றாகக் குலுக்கி மீதி பெட்ரோல். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்ட கடல் எஞ்சின் எண்ணெயையே வாங்குங்கள். பைக்குக்குப் போடும் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. எரிந்தபின் அது விடும் சாம்பல் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படியும், மணிக்கணக்கில் முழுவேகத்தில் ஓடும் எஞ்சினில் அந்தப் படிவு கனன்று நேரங்கெட்ட எரிப்பை உண்டாக்கும்.

எரிபொருள் நிரப்புவதைக் கரையில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகில் ஊற்றினால் அது அடித்தளத்தில் இறங்கிக் கிடக்கும், ஒரு பீடிப் பொறி போதும்.

கேள்வி: நாங்கள் மண்ணெண்ணெய் எஞ்சின் பாவிக்கிறோம். விடியப்புறம் எத்தனை தரம் கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் வருகுதில்லை. பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருக்கு.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: முதல் நாள் கரைக்கு வந்தபோது மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருப்பீர்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பிளக்கை நனைத்துவிட்டு நிற்கும். கரை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிறையும்வரை சில நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். காலையிலும் பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பிறகு மாற்றுங்கள். இப்போது நனைந்திருக்கும் பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, கிண்ணத்தை வடித்து, சோக் போடாமல் இழுத்துப் பாருங்கள். இன்னொன்று, பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. மண்ணெண்ணெய் எஞ்சினில் அமுக்க விகிதம் குறைத்திருக்கும். மற்றதில் ஊற்றினால் தட்டல் வந்து பிஸ்டனில் ஓட்டை விழும்.

கேள்வி: எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைக் கையில் மாட்டிக்கொண்டு வலை இழுக்க முடியவில்லை. அதனால் கிளிப்பை எஞ்சினிலேயே மாட்டி, கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டோம். தப்பா?
– வாசகர், கோடியக்கரை

பதில்: தப்புதான். வலை இழுக்கும்போது எஞ்சின் ஓட வேண்டிய அவசியமில்லை, நிறுத்திவிடுங்கள். கயிறு தேவைப்படுவது ஓட்டும்போது. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் கைப்பிடியைப் பிடிக்க ஆள் இல்லை. புரொப்பல்லரின் சுழற்சி எஞ்சினை ஒரு பக்கம் திருப்பிவிடும், படகு வட்டமடிக்கத் தொடங்கும். அந்த வட்டம் விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பித் திரும்பி வரும். தனியாகப் போனவருக்கு அது நடந்தால் இரண்டே வழி: புரொப்பல்லர் வெட்டும், இல்லையென்றால் படகு அவரை விட்டுவிட்டுப் போகும்.

மணிக்கட்டு உறுத்தினால் தொடையிலோ உயிர்காப்புச் சட்டையின் பட்டையிலோ மாட்டுங்கள். தினமும் புறப்படும்போது ஒருமுறை இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள், உப்பில் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது கிளிப் ஒன்று அணியத்தில் (படகின் முன்பக்கம்) இருப்பவரிடம் இருக்கட்டும். விழுந்தவரோடு கிளிப்பும் போய்விட்டால் படகிலிருப்பவர் எஞ்சினை எதைக் கொண்டு ஸ்டார்ட் செய்வார்? ஆளை மீட்க நெருங்கும்போது நியூட்ரல் போதாது, எஞ்சினை நிறுத்தியே பக்கம் போக வேண்டும்.

புரொப்பல்லரில் வலை சுற்றினாலும் இதே கவனம் வேண்டும். நிறுத்தி, கிளிப்பை எடுத்து, பிளக் வயரையும் கழற்றிய பிறகே கை வையுங்கள். கியரில் இருக்கும்போது புரொப்பல்லரைக் கையால் திருப்பினாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளக்கூடும்.

கேள்வி: கியர் எண்ணெய் மோர் மாதிரி வருகிறது.
– வாசகர், கடலூர்

பதில்: தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிய தங்கூஸ் நரம்பு ஷாஃப்ட் சீலை அறுத்திருக்கும். புரொப்பல்லரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கு முன், வடிதிருகுகளின் வாஷர் பழையதா என்று பாருங்கள், பழுது அவ்வளவே என்றால் செலவு மிச்சம். எண்ணெய் ஊற்றும்போது எஞ்சின் நேராக நிற்கட்டும். கீழ்த்துளை வழியாக அழுத்தி ஏற்றி, மேல்துளையில் குமிழி இல்லாமல் வழிந்ததும் மேல்திருகை முதலில் போட்டு, பிறகு கீழ்திருகைப் போடுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று சிக்கிக்கொள்ளும். 100 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கேள்வி: எஞ்சின் தண்ணீரில் விழுந்துவிட்டால் உடனே என்ன செய்வது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: விழுந்ததைவிட, எடுத்து வெயிலில் வைப்பதுதான் ஆபத்து. காற்று பட்டதும் கிராங்க் பேரிங் துருப்பிடிக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க முடியாதென்றால், மெக்கானிக் வரும்வரை நல்ல தண்ணீர் டிரம்மில் முழுதாக மூழ்க வைத்திருங்கள்.

முடியுமென்றால்: நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளை கீழ்நோக்கும்படி சாய்த்து, கயிற்றை மெல்ல இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கயிறு நகரவில்லையென்றால் நிறுத்துங்கள். ஓடும்போது விழுந்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். உள்ளே மணல் போயிருந்தாலும் சுற்றக்கூடாது, பிரித்தே ஆகவேண்டும். தண்ணீர் முழுதும் வந்தபின் கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டுச் சுற்றி, காய்ந்த பிளக் போட்டு, புதிய எரிபொருளில் அரை மணியாவது ஓட்டுங்கள். இதெல்லாம் வேண்டாமென்றால், புறப்படுமுன் பின்பலகையிலுள்ள பிடிதிருகுகளை இறுக்கி, எஞ்சினைப் படகோடு சங்கிலியால் கட்டிவிடுங்கள். அதிர்வில் திருகு தளரும்.

கேள்வி: படகில் என்னென்ன சாமான் வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், முட்டம்

பதில்: மாற்று பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், இடுக்கி, புரொப்பல்லரின் ஷியர் பின்னும் காட்டர் பின்னும் இரண்டிரண்டு, கத்தி, ஃபில்டர், கிளிப், ஒன்றரை மீட்டர் ஸ்டார்ட்டர் கயிறு. எரிபொருளில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு காற்று எதிர்த்தால் என்று வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பும் இருக்கட்டும்.

ஸ்டார்ட்டர் அறுந்தால் மூடியைக் கழற்றி, கயிற்றின் முடிச்சை ஃப்ளைவீலின் வெட்டில் மாட்டி, இரண்டு மூன்று சுற்று வலப்புறமாகச் சுற்றி இழுக்கலாம். ஆனால் அப்படி இழுக்கும்போது கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பூட்டு வேலை செய்யாது. நியூட்ரலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, உங்கள் பின்னால் யாரும் நிற்காதபோது, உட்கார்ந்தபடி இழுங்கள். ஓடத் தொடங்கிய ஃப்ளைவீல் திறந்தே கிடக்கும். லுங்கி நுனி, துண்டு, தலைமுடி எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது.