தண்ணீர் விட்டும் துவளும் ஜன்னலோரச் செடிகள்

ஜன்னலோரம் வைத்த மணி பிளான்ட்டும் பீஸ் லில்லியும் வெயில் ஏறியதும் துவண்டு கருகுகின்றன, இரண்டு வேளை தண்ணீர் விட்டும் பயனில்லை, உரம் போடவா, கருகியதை வெட்டவா என்று கேட்டிருக்கிறீர்கள். பல காலமாக வீட்டுக்குள் செடி வளர்க்கும் அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் செடியின் இடத்தை மாற்றுங்கள். தண்ணீர் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இலைத்துளை வழியே நீராவியை விட்டுத்தான் செடி தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வேர் உறிஞ்சுவதைவிட இலை இழப்பது கூடிவிட்டால், மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கிவிடும். இருக்கிற ஈரத்தைக் காப்பாற்ற இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். அதோடு குளிர்ச்சியும் நின்றுபோவதால், கண்ணாடிக்குப் பின்னால் நேர்வெயிலில் இருக்கும் இலை அறையைவிட அதிகமாகச் சூடேறிக் கருகுகிறது. இந்த நிலையில் ஈர மண்ணிலேயே மேலும் தண்ணீர் ஊற்றினால் வேருக்குக் காற்று கிடைக்காது. சூடான நீரில் ஆக்ஸிஜனும் குறைவாகத்தான் கரையும். வேரழுகல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

அதனால் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டாம். நிழலுக்கு மாற்றினால் வேர் நன்றாக உள்ள செடி சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும். காய்ந்திருந்தால் வேறு சிக்கல். பீட் (சதுப்பு நிலத்தில் பாசி மக்கி உருவாகும் பொருள்) கலந்த மண் ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி அடியில் வடியும். பார்ப்பவருக்கு நன்றாக நனைந்ததுபோல் இருக்கும், நடுவில் வேர்க்கட்டி மட்டும் காய்ந்தே கிடக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தொட்டியை அரை மணி நேரம் அதில் நிறுத்துங்கள். மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிடுங்கள்.

கருகிய இடத்தையும் உற்றுப் பாருங்கள். ஜன்னலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் வெளுத்து, தொட்டால் காகிதம் மாதிரி இருந்தால் அது நேர்வெயில் சுட்டது. அந்தத் தொட்டியை ஒரு மீட்டராவது உள்ளே தள்ளுங்கள், அல்லது மெல்லிய திரை போடுங்கள். ஓரமும் நுனியும் மொரமொரவென்று காய்ந்திருந்தால், வேருக்குத் தண்ணீர் போதவில்லை அல்லது வறண்ட காற்று நேராகப் படுகிறது; ஏசி காற்றும் இதைச் செய்யும். இலை முழுக்க ஊசிமுனை அளவு வெளிர்ப் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் இருந்தால் அது செஞ்சிலந்தி, இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய உயிரி. சூடும் வறட்சியும் சேர்ந்தால் இது படுவேகமாகப் பெருகும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், சில நாள் இடைவெளியில் திரும்பவும் செய்யுங்கள். அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் இருந்தால் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கைக்கே சுட்டால், சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய வேர்கள் என்ன பாடுபடும்! கொஞ்சம் பெரிய வெளிர்நிறத் தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைத்தால் சூடு நன்றாகத் தணியும். இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை, அந்த ஈரம் சில நிமிடங்களில் போய்விடும்.

சரி, வெட்டலாமா? முழுக்கக் காய்ந்த இலையை எடுத்துவிடுங்கள். பாதி பச்சையாக இருப்பதை விட்டுவையுங்கள். கருகிய பகுதி திரும்பப் பச்சையாகாது, ஆனால் மிச்சப் பச்சை இன்னும் உணவு தயாரிக்கிறது, கீழே உள்ள இலைகளுக்கு நிழலும் தருகிறது. உரம் இப்போது கூடவே கூடாது. உரத்தில் உள்ள உப்பு மண்ணில் சேர்ந்தால் வேர் தண்ணீர் இழுப்பது இன்னும் கடினமாகும். தொட்டி மாற்றுவதையும் தள்ளிப் போடுங்கள். புதுத் தளிர் விரிந்து, அதன் ஓரம் கருகாமல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வழக்கமான அளவில் பாதி உரத்தோடு தொடங்கலாம்.