உங்களுக்கு மிகவும் பிடித்த அனிமே தொடர் எது? உங்களை ரொம்பவும் ஏமாற்றிய தொடர் எது? ஏன்?

ஏமாற்றத்தில் இருந்தே தொடங்குகிறேன். அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மூன்று தொடர்களின் முக்கியமான திருப்பங்கள் இந்தப் பதிலில் வரும். 'தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்', 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்', 'ஃப்ரீரென்' ஆகியவற்றைப் பார்க்க நினைத்திருப்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நெவர்லேண்டின் முதல் சீசன் 2019 தொடக்கத்தில் வந்தது. மொத்தம் 12 எபிசோடு. நானும் தம்பியும் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு "ரெண்டு எபிசோடு மட்டும்" என்று உட்கார்ந்தோம். எழுந்தபோது மணி நாலு.

கதை இதுதான். கிரேஸ் ஃபீல்டு என்று ஓர் அநாதை இல்லம். அங்கே 38 குழந்தைகள். எல்லோருக்கும் வெள்ளை உடுப்பு, கழுத்தில் ஓர் எண், தினமும் ஒரு பரீட்சை, வயிறு நிறையச் சாப்பாடு. இசபெல்லா என்ற பெண்ணை எல்லோரும் அம்மா என்றே கூப்பிடுகிறார்கள். அவ்வளவு அன்பானவள். தத்துக் கொடுக்கப்பட்டுப் போன பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு கடிதம் போட்டதில்லை என்பது மட்டும்தான் உறுத்துகிறது. ஒரு நாள் கோனி என்ற சின்னக் குழந்தை கிளம்புகிறாள், தன் துணி முயலை மறந்துவிட்டு. அதைக் கொடுக்க வாசல்வரை ஓடும் எம்மாவும் நார்மனும் லாரியில் அவளுடைய உடலைப் பார்க்கிறார்கள். அது இல்லமே இல்லை, பண்ணை. குழந்தைகள் அரக்கர்களின் சாப்பாடு. அம்மா என்று கூப்பிட்டவள்தான் அவர்களைத் தீனி போட்டு வளர்க்கிறவள்.

இதெல்லாம் முதல் எபிசோடிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சம் 11 எபிசோடும் எம்மா, நார்மன், ரே என்ற பதினொரு வயதுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அந்த அம்மாவுக்கும் நடக்கும் மூளைப் போர். பெரிய சண்டைக் காட்சி எதுவும் கிடையாது. யாருக்கு என்ன தெரியும், தெரிந்ததை யார் மறைக்கிறார்கள், இதுதான் மொத்தக் கதையும். மங்காவில், அதாவது இந்த அனிமேக்கு மூலமான ஜப்பானியப் படக்கதையில், பாத்திரங்கள் மனதுக்குள் பேசிக்கொள்வது பக்கம் பக்கமாக வரும். இயக்குநர் மாமோரு கான்பே அதில் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, முகங்களையும் நடைபாதைகளையும் கதவு இடுக்குகளையும் காட்டியே வேலையை முடித்துவிட்டார். யாரோ மறைந்திருந்து பார்ப்பது மாதிரியே கேமரா நகரும். எம்மா சும்மா சிரித்துக்கொண்டு நின்றால்கூட நமக்கு வயிறு பிசையும்.

அப்புறம் அந்தக் கடைசி எபிசோடு. பிள்ளைகள் துணி மாட்டும் ஹேங்கரைக் கயிற்றில் கோத்து, அதைப் பிடித்துத் தொங்கிப் பள்ளத்தாக்கைத் தாண்டிவிடுகிறார்கள். இசபெல்லா சுவர் மேல் வந்து நிற்கிறாள். துரத்தச் சொல்லிக் கத்தவில்லை. தலைமுடியை அவிழ்த்து விடுகிறாள். பிள்ளைகள் எந்தப் பக்கம் போனார்கள் என்று யாருக்கும் தெரியாதபடி கயிறுகளை எடுத்து மறைக்கிறாள். அவள் எப்போதும் முணுமுணுக்கும் தாலாட்டு எங்கிருந்து வந்தது, ரேக்கு அந்த மெட்டு எப்படித் தெரியும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிகிறது. 12 எபிசோடும் நாம் பயந்து வெறுத்த ஒருத்திக்காக நானும் தம்பியும் அழுதோம்.

சரி, இப்போது இரண்டாவது சீசன்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மங்கா 181 அத்தியாயம், 20 தொகுதி. முதல் சீசன் 37 அத்தியாயத்தை 12 எபிசோடில் சொன்னது. 2021 ஜனவரியில் தொடங்கிய இரண்டாவது சீசன் மீதி 144 அத்தியாயத்தை 11 எபிசோடில் முடித்தது. எதை எப்படி வெட்டினார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே இந்த எண்களில் பாதிப் பதில் இருக்கிறது.

தப்பித்த பிள்ளைகள் ஒரு பதுங்குமிடத்துக்கு வருகிறார்கள். மங்காவில் அங்கே யூகோ என்று ஒருவர் இருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் பண்ணையில் இருந்து தப்பித்தவர், கூட வந்த எல்லோரையும் இழந்து பாதி பைத்தியமாகத் தனியே கிடப்பவர். முதலில் பிள்ளைகளை விரட்டப் பார்க்கும் அந்த மனிதர் மெல்ல மெல்ல அவர்களுக்குத் தகப்பன் மாதிரி ஆகிறார். அனிமேயில் யூகோவே கிடையாது. பதுங்குமிடம் காலி. அரக்கப் பிரபுக்கள் பொழுதுபோக்குக்காகக் குழந்தைகளை வேட்டையாடும் கோல்டி பாண்ட் என்ற பெரிய பகுதியும் இல்லை. எம்மா முதன்முறையாக ஆயுதம் எடுத்து எதிர்த்து நிற்பது அங்கேதான். அதைத் தாண்டி வரும் எம்மா வேறு எம்மா. அனிமே அந்த மாற்றத்தை நமக்குக் காட்டவே இல்லை.

எனக்கு அதிகம் வலித்தது நார்மன் விஷயத்தில்தான். செத்துவிட்டான் என்று நாம் நம்பியவன் திரும்பி வருகிறான், அரக்க இனத்தையே பூண்டோடு அழிக்கும் திட்டத்தோடு. எம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. அரக்கர்களிலும் குழந்தைகள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். உயிருக்கு உயிரானவர்கள் இரண்டு பேர், இரண்டு பக்கமும் நியாயம். இதைவிடக் கனமான மோதல் அந்தக் கதையில் இல்லை. மங்கா அதற்குத் தொகுதிக் கணக்கில் இடம் கொடுத்தது. அனிமேயில் நார்மன் கொஞ்ச நேரம் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அழுகிறான், மனம் மாறுகிறான், முடிந்தது.

கடைசி எபிசோடில் ஒரு பெரிய பயணம் முழுவதையும் அசையாத படங்களாக அடுத்தடுத்துக் காட்டினார்கள். ஓரிரு நிமிடம்தான். தம்பி என்னைப் பார்த்து, "இது ரீகேப்பா அக்கா?" என்று கேட்டான். நாங்கள் பார்க்காத எதையோ நினைவுபடுத்துகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் படங்களுக்குள் ஒரு முழு மங்காவின் உச்சக்கட்டம் அடங்கியிருந்தது என்று நான் சொன்னபோது அவன் பதிலே பேசவில்லை. மங்காவில் தன் குடும்பத்தைக் காப்பாற்ற எம்மா கொடுக்கும் விலை, அந்தக் குடும்பத்தைப் பற்றிய மொத்த நினைவும். அனிமேயில் அந்த விலையே இல்லை.

இதில் எனக்குப் புரியாத ஒன்று, மூலக் கதை எழுதிய காயு ஷிராயே இரண்டாவது சீசனின் கதை அமைப்பில் பங்கெடுத்தார் என்பது. அதனால் யாரோ தெரியாதவர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மங்கா 2020 ஜூனிலேயே முடிந்துவிட்டது. அனிமேயைப் பார்த்து மங்கா வாங்குவார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் பணம் போடுகிறவர்களின் முக்கியமான எதிர்பார்ப்பு. முடிந்துபோன மங்காவுக்கு இன்னும் இரண்டு மூன்று சீசன் செலவழிக்க ஆர்வம் குறைந்திருக்கலாம். இது என் ஊகம். ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்தவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

மங்காவை விட்டு விலகியதால்தான் கெட்டது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2003-இல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' என் சாட்சி.

ஹிரோமு அராகாவாவின் அந்த மங்கா 2001-இல் தொடங்கி 2010 வரை வந்தது. அனிமே எடுக்க ஆரம்பித்தபோது கதை பாதிகூட வரவில்லை. அதனால் போன்ஸ் ஸ்டூடியோ 51 எபிசோடில் தனக்கென்று ஒரு கதையை வளர்த்து, தனக்கென்று ஒரு முடிவும் வைத்தது. மங்காவில் இருந்து எவ்வளவோ விலகியது. ஆனாலும் எத்தனை உயிர்! இறந்த அம்மாவை ரசவாதத்தால் திரும்பக் கொண்டுவர முயன்று தோற்ற அண்ணன் தம்பி இரண்டு பேர். அந்தத் தோல்வியில் பிறந்த ஒன்று, அம்மாவின் முகத்தோடே எதிரில் வந்து நிற்கிறது. அண்ணன் எட்வர்ட் அதனோடு மோத வேண்டும். இது மங்காவில் இல்லாதது, அனிமேகாரர்கள் யோசித்தது. அந்தக் காட்சிகளை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

பிறகு 2009-இல் அதே ஸ்டூடியோ மங்காவை ஒட்டி 'பிரதர்ஹுட்' என்று 64 எபிசோடில் மறுபடி எடுத்தது. என் தம்பிக்கு அதுதான் உயர்ந்தது. முடிவு எவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவன் சொல்வது சரிதான். ஆனால் ஹியூஸ் சாவதை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு எதிரில் வருகிற எல்லோரிடமும் காட்டும் அந்த ராணுவ அதிகாரி, பழைய தொடரில் 25-ஆம் எபிசோடில் சாகிறார். பிரதர்ஹுட்டில் 10-ஆம் எபிசோடிலேயே. இரண்டிலும் அழுதேன். பழையதில்தான் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் போன மாதிரி இருந்தது. 25 எபிசோடு அவரோடு பழகியிருந்தேன்.

கதையை மாற்றலாம், குறைக்கலாம், புதிதாகச் சேர்க்கலாம். ஒருவரோடு பழக எனக்குக் கொடுக்கும் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் அப்புறம் எனக்கு அங்கே என்ன இருக்கிறது? 'ஒன் பஞ்ச் மேன்' இரண்டாவது சீசனில் ஸ்டூடியோ மாறிப் படத்தின் தரம் இறங்கியதும் எனக்கு வருத்தம்தான். ஆனால் அது கண்ணுக்கு ஏற்பட்ட குறை, சீக்கிரம் மறந்துவிட்டேன்.

பிடித்த தொடருக்கு வருகிறேன். 'ஃப்ரீரென்'. 2023 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை 28 எபிசோடாக வந்த முதல் சீசனைச் சொல்கிறேன். மேட்ஹவுஸ் ஸ்டூடியோ எடுத்தது, இயக்கியவர் கெய்ச்சிரோ சாய்தோ.

வழக்கமான கதை முடிகிற இடத்தில் இது தொடங்குகிறது. அரக்க அரசனை வென்று நாலு பேர் ஊர் திரும்புகிறார்கள். பத்து வருடப் பயணம். அவர்களில் ஃப்ரீரென் எல்ஃப் இனத்தவள், ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்தவள். அன்று இரவு விண்கற்கள் பொழிகின்றன. ஐம்பது வருடத்துக்கு ஒருமுறைதான் அப்படிப் பொழியும். அடுத்த தடவை இன்னும் நன்றாகத் தெரிகிற இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறாள், ஏதோ அடுத்த வாரம் என்பது போல. சொன்னபடியே ஐம்பது வருடம் கழித்து வருகிறாள். வீரன் ஹிம்மெல் கூன் விழுந்து, தலை வழுக்கையாகி நிற்கிறான். நாலு பேரும் மறுபடி விண்கற்களைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் ஹிம்மெல் இறந்துபோகிறான். அடக்கத்தின்போது, இவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே, தெரிந்துகொள்ள ஏன் முயலவில்லை என்று ஃப்ரீரென் அழுகிறாள். முதல் எபிசோடிலேயே இத்தனையும்.

நெவர்லேண்ட் பார்த்த காலத்தில் ஒரே வீட்டில் இருந்த தம்பி இப்போது வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறான். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வைத்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிளே அழுத்தி இந்தத் தொடரைப் பார்த்தோம். அந்த எபிசோடு முடிந்தபின் ரெண்டு பக்கமும் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஹிம்மெல் ஊரில் பூக்கும் ஒரு நீலப் பூவை அவன் சிலையைச் சுற்றி நட வேண்டும் என்று ஃப்ரீரென் மாதக்கணக்கில் தேடுகிறாள். கூட வரும் சிறுமி ஃபெர்ன், கிடைக்காது, விட்டுவிடலாம் என்கிறாள். ஃப்ரீரென் கேட்பதில்லை. 14-ஆம் எபிசோடில் ஒரு மோதிரம் வருகிறது. பல வருடங்களுக்கு முன்பு ஹிம்மெல் மண்டியிட்டு அவள் விரலில் போட்டுவிட்டது. அதில் செதுக்கியிருக்கும் பூவுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஹிம்மெல் ஒரு வார்த்தை விளக்கம் சொல்வதில்லை. இசையும் அங்கே நம்மை அழச்சொல்லி வற்புறுத்துவதில்லை.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 18-ஆம் எபிசோடில் தொடங்கும் மந்திரவாதிகள் தேர்வில் புதுப் பாத்திரங்கள் கூட்டமாக வந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வழி நடையும், மழைக்கு ஒதுங்கும் ஊர்களும், வாரக்கணக்கில் ஒரே சத்திரத்தில் தங்குவதும்தான் வேண்டியிருந்தது. தம்பிக்கோ அந்தத் தேர்வுதான் தொடரின் சிறந்த பகுதி. இதில் நாங்கள் ஒத்துப்போனதே இல்லை.

கடைசியாக, நெவர்லேண்ட் இன்னும் பார்க்காதவர்களுக்கு: முதல் சீசனைத் தவறவிடாதீர்கள். 12 எபிசோடும் பார்த்துவிட்டு, மங்காவை 38-ஆம் அத்தியாயத்தில் இருந்து படியுங்கள். இரண்டாவது சீசன் வேண்டாம். நான் என் தொகுதிகளைத் தம்பிக்கு அனுப்பிவைத்தேன். போன மாதம் ஒரு நாள் நடு ராத்திரியில் ஃபோன் செய்தான். யூகோ வரும் இடத்தைத் தாண்டியிருக்கிறான்.

"இவரைப் போய் எப்படிக்கா விட்டாங்க?" என்று கேட்டான்.